ஊசி பிடிக்க வந்த பிள்ளைகளுக்கு

சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் எங்கள் வீட்டு வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கும். ஆறேழு பிள்ளைகள் எம்பிராய்டரி கற்றுக்கொள்ள வருகிறார்கள். நாகர்கோவில் பக்கத்தில் இப்படிக் கைவேலை செய்த வீடுகள் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தன. போன வாரம் ஒருத்தி, "பாட்டி, நீங்க சொல்றதெல்லாம் வீட்டுக்குப் போனதும் மறந்து போகுது, எழுதிக் குடுங்க" என்றாள். இன்னொருத்தி, அப்பாவை 2017 ஓகி புயலில் கடலுக்குக் கொடுத்த பிள்ளை, ஒரு கேள்வி கேட்டாள். "நாளைக்கு என்ன ஆகும்னே தெரியாது. நாலு மாசம் இழுக்கிற வேலையை எதுக்கு ஆரம்பிக்கணும்?" அன்று எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் கையைக் கழுவுங்கள் மக்களே. மீன் குழம்பு சாப்பிட்ட கை, தேங்காய் எண்ணெய் தடவிய தலையைக் கோதின கை, இரண்டும் வெள்ளைத் துணியில் தெரியும். மஞ்சள் கறை பட்டால் பதறிப்போய் சோப்பைத் தேய்க்காதீர்கள், சிவந்துவிடும். சாதாரணத் தண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள், இரண்டு மூன்று நாளில் வெளிறும். உட்காரும்போது ஜன்னல் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கட்டும். வலது கையால் தைக்கிறவளுக்கு அப்போதுதான் கையின் நிழல் தையல்மேல் விழாது. இடது கைக்காரிக்கு இதுவே தலைகீழ்.

2. நூலை ஒரு முழத்துக்குமேல் வெட்டாதீர்கள். அடிக்கடி கோக்கச் சோம்பல்பட்டு நீளமாக வெட்டினால் பாதியிலேயே முறுக்கிக்கொள்ளும், துணிக்குள் போய்வந்து போய்வந்து பளபளப்பும் போய்விடும். ஆங்கர் நூல் கட்டில் ஆறு இழை இருக்கிறது. ஆறையும் சேர்த்து யாரும் தைப்பதில்லை. பூவிதழுக்கு இரண்டு, மெல்லிய காம்புக்கு ஒன்று, தடித்த சங்கிலித் தையலுக்கு மூன்று. இழையைப் பிரிக்கும்போது ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவுங்கள். இரண்டைச் சேர்த்து இழுத்தால் அங்கேயே சிக்கு. சிவப்பு நூல் வாங்கினால் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் விடுகிற நூல் ஒரு துவைப்பில் உங்கள் இரண்டு மாத உழைப்பை ரோஸ் நிறமாக்கிவிடும்.

3. பூ வரைவதற்கு நாங்கள் டிரேசிங் பேப்பரில் கோடு நெடுக ஊசியால் குத்தித் துளை போட்டு, நீலப் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்ப்போம். துளை வழியே துணியில் புள்ளி புள்ளியாகப் பூ இறங்கும். இப்போது மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? துணியில் வரைய உங்கள் பேனா போதும். ஆனால் வீட்டில் பழைய குத்தின பேப்பர் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். ஏன் என்று ஆறாவதில் சொல்கிறேன்.

4. முடிச்சுப் போட்டு ஆரம்பிக்காதீர்கள். இஸ்திரி போடும்போது முடிச்சு இந்தப் பக்கம் புடைத்துத் தெரியும். நுனியில் இரண்டு அங்குலம் விட்டுவிட்டுத் தைத்து, பிறகு அந்த நுனியைப் பின்பக்கத் தையலுக்குள் நுழைத்து விடுங்கள். எங்கள் அம்மா யாருடைய வேலையை வாங்கினாலும் முதலில் திருப்பித்தான் பார்ப்பாள். நானும் அப்படியே.

5. இந்த வேலை நம் ஊருக்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு தையுங்கள். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் 1819 கடைசியில் நாகர்கோவிலுக்கு வந்தார். அவர் மனைவி மார்த்தா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி, எழுத்தோடு ரேந்தை பின்னவும் கற்றுக்கொடுத்தார். லேஸைத்தான் நம் பெரியவர்கள் ரேந்தை என்பார்கள், போர்ச்சுகீசியர்கள் விட்டுப்போன சொல். அவர்களுடைய மகள் எலைசா நாகர்கோவிலிலேயே பிறந்தவர். 1844-ல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்து இடையன்குடி போனபோது அம்மாவிடம் கற்றதை அந்தத் தேரிக்காட்டுப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அதே நூற்றாண்டின் கடைசியில் பெல்ஜியத்திலிருந்து வந்த கன்னியர்கள் முளகுமூட்டில் அனாதைப் பிள்ளைகளை வைத்துக் கைவேலை தொடங்கினார்கள்.

இதைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. அப்போது நம் ஊர் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. மனிதரை விற்கவும் வாங்கவும் செய்த ராஜ்யம் அது, 1855-ல்தான் அதை ஒழித்தார்கள். மார்த்தாவிடம் கற்ற பிள்ளைகளில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். ரேந்தை விற்ற காசைச் சேர்த்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டவர்கள் உண்டு. கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். இந்த வேலை அந்தப் பிள்ளைக்குப் பொழுதுபோக்கு இல்லை, ஒரு முழம் பின்னினால் விடுதலைக்கு ஒரு முழம் பக்கத்தில் வருகிறாள். இன்னொன்றும் உண்டு. தோளில் துணி போட்டதற்காகச் சந்தையில் பெண்களின் துணியைக் கிழித்த காலம் அது. மேல்துணி போடலாம் என்று 1859-ல் அரச அறிக்கை வரும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை. மேல்துணிக்கு அடிபட்ட வீட்டுப் பெண்கள்தான் கடல் கடந்து போகும் உடுப்புக்கு ரேந்தை பின்னினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் என் கை ஒரு நிமிஷம் நின்றுதான் மறுபடி ஓடும்.

6. எங்கள் பாட்டி ரேந்தை பின்னினவள். வைக்கோல் இறுக்கி அடைத்த உருண்டைத் தலையணை ஒன்று மடியில் இருக்கும். அதன்மேல் துளை போட்ட அட்டை, அட்டையில் வரிசையாகக் குண்டூசிகள். நூல் சுற்றின சின்ன மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். இதை அதன்மேல் தாண்டவிட்டு, அதை முறுக்கி, ஒரு குண்டூசி குத்தி, மறுபடி தாண்டவிட்டு... கட்டைகள் ஒன்றோடொன்று மோதி டக் டக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்குவேன். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் விரலகல ரேந்தையில் சாண் அளவுகூடத் தேறாத நாட்கள் உண்டு.

"வா பிள்ளே, ரெண்டு ஜோடி கட்டையாவது பிடிச்சுப் பழகு" என்று பாட்டி 1966-ல் கூப்பிட்டாள். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடியட்டும் என்றேன். பரீட்சை முடிந்தது, பிறகு டைப்ரைட்டிங் படிக்கப் போனேன். இரண்டு வருஷத்தில் பாட்டிக்குக் கண் மங்கி, அப்புறம் பாட்டியே இல்லை. அம்மா எம்பிராய்டரிக்காரி, ரேந்தை அவளுக்கும் தெரியாது. மெஷின் லேஸ் கடைக்கு வந்தபிறகு யார் அதைக் கற்கப் போகிறார்கள்?

பாட்டியின் அட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. பழுப்பேறி, ஓரம் நைந்து. வெளிச்சத்தில் பிடித்தால் நூற்றுக்கணக்கான துளைகள், நடுவில் ஒரு மாதுளம்பூ போலத் தெரிகிறது. குண்டூசி எங்கே குத்தவேண்டும் என்பது தெரிகிறது. எந்தக் கட்டை எதைத் தாண்டிப் போகும், எங்கே முறுக்கவேண்டும் என்பது பாட்டியின் விரலில் இருந்தது, அட்டையில் இல்லை. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் எண்பது வயதுக்காரி ஒருத்தி இருந்தால், முறுக்குப் பிழிவதோ ஓலைப்பெட்டி முடைவதோ எதுவானாலும், இன்று சாயங்காலமே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பரீட்சை முடியட்டும் என்று சொல்லாதீர்கள்.

7. தப்பாகத் தைத்தால் பிரியுங்கள். பின்பக்கமிருந்து சின்னக் கத்தரியால் வெட்டி எடுங்கள், இழுக்காதீர்கள். பிரித்த நூலை மறுபடி கோக்காதீர்கள். துணியில் தெரியும் ஊசித் துளை ஒரு துவைப்பில் மூடிக்கொள்ளும்.

8. ஆனால் எல்லாத் தப்பையும் பிரிக்கவேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

என் வீட்டுக்காரர், உங்களுக்குத் தாத்தா, குவைத்தில் வேலை பார்த்தார். 1990 கிறிஸ்துமஸுக்கு லீவில் வருவதாக எழுதியிருந்தார். அவர் வரும்போது விரிக்க வேண்டுமென்று ஜூலையில் ஒரு பெட்ஷீட் ஆரம்பித்தேன். வெள்ளை கேஸ்மென்ட் துணி, ஓரம் சுற்றித் தாமரை, லாங் அண்ட் ஷார்ட் தையல். ஒரு பூவுக்கு இரண்டு நாள் பிடிக்கும். ஐந்தாவது பூவில் இருக்கும்போது, ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை, ஈராக் ராணுவம் குவைத்துக்குள் புகுந்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். அன்றிலிருந்து கடிதம் இல்லை, தந்தி இல்லை, ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில். மாலை ஆனால் ரேடியோ இருக்கும் வீட்டில் தெருவே கூடும், யாரும் யார் முகத்தையும் பார்க்கமாட்டோம்.

பகலில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் வீடு காலி. ஊசியை எடுத்தேன். ஜெபம்கூட எனக்கு வார்த்தையாக வரவில்லை, ஒவ்வொரு தையலுக்கும் அவர் பெயர் மட்டும் வந்தது. அந்த நாட்களில் தைத்த பூக்களைத் துணியில் விரல் வைத்தே சொல்லிவிடலாம். நூலை அவ்வளவு இறுக்கி இழுத்திருக்கிறேன். ஆறாவதிலிருந்து துணி சுருங்குகிறது. ஒன்பதாவது தாமரையில் இதழ்கள் மேடு மேடாக எழும்பி நிற்கின்றன, எத்தனை இஸ்திரி போட்டாலும் படியாது. பதின்மூன்றாவதில் பச்சை இலைக்குப் பதிலாக நீல நூல் போட்டிருக்கிறேன், தைக்கும்போது தெரியவே இல்லை.

ஈராக் வழியாக ஜோர்டான் எல்லைக்கு பஸ்ஸில் வந்து, பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்து, அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்தவர்கள் லட்சத்துக்கும் மேல். அதில் ஒருவராகத் தாத்தா செப்டம்பர் கடைசியில் ரயிலில் வந்து இறங்கினார். கையில் ஒரே ஒரு தோள்பை. இருபத்தைந்தாவது பூ அப்போது பாதியில் இருந்தது. அதன்பின் உள்ள பூக்கள் தளர்வாக, தட்டையாக, ஒழுங்காக இருக்கும்.

சுருங்கின பூக்களைப் பிரித்துத் திரும்பத் தைக்கலாமா என்று அவரிடமே கேட்டேன். அவர் ஒன்பதாவது பூவைத் தடவிக்கொண்டே இருந்தார், பதில் சொல்லவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

அன்று கேட்ட பிள்ளையிடம் இப்போது பேசுகிறேன். மகளே, இது திரும்பி வந்தவரின் கதை. உன் வீட்டில் அப்படி நடக்கவில்லை. தைத்தால் போனவர் வருவார் என்று நான் சொன்னால் அது பொய், பாவமும்கூட. என்னோடு ரேடியோ கேட்ட ஒருத்தியின் வீட்டுக்கும் ஆள் வரவில்லை. அவளும் பிறகு கைவேலை செய்தாள், இரண்டு பிள்ளைகளை அதில் படிக்கவைத்தாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ராத்திரி படுக்கும்போது பூவில் மூன்று இதழ் பாக்கி இருந்தால், காலையில் எழுந்ததும் கைக்கு ஒரு வேலை இருந்தது. அந்த மூன்று இதழைக் கர்த்தர் எனக்குக் கொடுத்த அப்பமாகத்தான் இன்றும் நினைக்கிறேன்.

9. கூலியைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று நோட்டில் குறியுங்கள். எங்களிடம் மேசைவிரிப்பு வாங்கிப்போன ஒரு ஏஜென்ட் ஆறு மாசம் அலையவிட்டு, கறை இருக்கிறது என்று பாதிக் காசு கொடுத்தார். கறை இல்லை. பேசத் தெரியாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். வேதத்தில் யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது, விதவைகள் அவள் தைத்துக்கொடுத்த உடுப்புகளைக் காட்டி அழுதார்கள் என்று வருகிறது. கொடுக்கவேண்டிய இடத்தில் அவளைப்போலக் கொடுங்கள். விற்கவேண்டிய இடத்தில் கொடுப்பதைப்போலக் கூசாதீர்கள்.

10. துணியின் ஒரு மூலையில் உங்கள் பெயரையும் வருஷத்தையும் ஒற்றை இழையில் தைத்துவிடுங்கள். பாட்டி பின்னின எதிலும் பெயர் இல்லை.

11. இந்த வைகாசியில் நான் ஒரு பெரிய வேலை ஆரம்பித்திருக்கிறேன். பன்னிரண்டு பேர் உட்காரும் மேசைக்கு விரிப்பும் பன்னிரண்டு நாப்கினும், எல்லாவற்றிலும் அந்த அட்டையில் உள்ள மாதுளம்பூ. ரேந்தையாக வராவிட்டாலும் எம்பிராய்டரியாக வரட்டும் என்று எடுத்தேன். ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று, மற்றதற்கு நாள் குறித்திருக்கிறார்கள். நான்கு நாப்கின் முடிந்தது. மிச்சத்தை முடிப்பேனா என்பது கர்த்தருக்குத் தெரியும். நூலை மட்டும் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில் வாங்கிவிட்டேன், அடுத்த முறை அதே நம்பர் கேட்டாலும் சாயம் ஒரு பொட்டு மாறி வரும். எந்த இதழுக்கு எந்த நம்பர், எத்தனை இழை, எங்கிருந்து ஆரம்பித்து எந்தப் பக்கம் போகவேண்டும், எல்லாம் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறேன். மர அலமாரி, கீழ்த்தட்டு, நீல பிஸ்கட் டப்பா. குத்தின பேப்பரும் பாட்டியின் அட்டையும் அதற்குள்ளேயே இருக்கின்றன. சாவி, மகளே, உனக்குத் தெரியும், கடிகாரத்துக்குப் பின்னால்.