இடது கையைக் கேள்

உத்தமபாளையம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

"பாக் தையல் மெஷின் ஓட்டுற மாதிரி இருக்கு மாமா, எங்கே அழணும் எங்கே சிரிக்கணும்னே தெரியல" என்று எழுதியிருந்தாய். வெட்கப்படாதே. மேற்கிலேயே பாக்கின் இசையைத் தையல் மெஷின் என்று சொன்னவர்கள் உண்டு. நீ கேட்ட பதிவையே உன் அத்தைக்கும் போட்டேன். "பின்னாடி யாருங்க முனகுறது?" என்றாள். காதுன்னா அது! பியானோ வாசித்த கிளென் கூல்ட் கூடவே முனகுவார், பதிவிலும் விழுந்துவிட்டது. அதற்காகவே அவரை ஒதுக்குபவர்களும் உண்டு, கொண்டாடுபவர்களும் உண்டு.

நீ கேட்ட கோல்ட்பர்க் மாறுபாடுகள் 1741-இல் அச்சானது. பாக் எழுதியது ஹார்ப்சிகார்டுக்கு. அதில் இறகுத் துணுக்கு தந்தியைச் சுண்டும். ஓங்கி அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் ஒலி ஒன்றுதான். பியானோவில் சுத்தி அடிக்கிறது, விரலின் கனம் ஒலியில் தெரியும். மூன்று நான்கு இசை இழைகள் சேர்ந்து ஓடும்போது ஒன்றை மட்டும் தூக்கிக் காட்டலாம். "எழுதியவர் மனதில் இல்லாத ஒலி" என்று ஒரு கட்சி, "இப்போதுதான் இழை பிரிந்து கேட்கிறது" என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி.

கூல்ட் 1955-இல், 22 வயதில், இதைச் சுமார் 38 நிமிடத்தில் ஓட்டினார். 1981-இல் மறுபடி பதிந்தபோது 51 நிமிடம். நீ கேட்டது முந்தியது.

எதைக் கேட்டாலும் மெட்டைத் துரத்தாதே. முதலில் 'ஏரியா' என்ற பகுதி, பிறகு 30 மாறுபாடுகள், கடைசியில் அதே ஏரியா. அந்த முப்பதும் மேலே இருக்கும் மெட்டைப் பிடித்து வரவில்லை. அடியில் நடக்கும் பேஸைப் பிடித்து வருகின்றன. நம் திராட்சைப் பந்தலை நினைத்துக்கொள். கவாத்து முடிந்தால் கொடி மொட்டையாகும், தழைக்கும், காய்க்கும். கல்லுக்காலும் கம்பியும் அங்கேயே நிற்கும். நீ கொடியைத்தான் பார்த்திருக்கிறாய். ஏரியாவின் இடது கையை மட்டும் நாலு தரம் கேள், நீயும் முனகிப் பார், அப்புறம் முதல் மாறுபாட்டுக்குப் போ.

இதெல்லாம் உனக்குப் புதுசா? பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தனிக்கதை சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள்தானே! சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த அவர், 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பைக் கொண்டுவந்தார். அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று. பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவின் தொடக்கப் பகுதி ஓட, நம்மூர் வயலின் அதனோடு பேச்சுக் கொடுக்கும். பியானோ இல்லைதான். ஆனால் "நல்லாருக்கு", "நல்லால்ல" என்று நிறுத்தாமல், கேட்ட ஒருவர் பாக்குக்கே சொன்ன பதில் அது. அதே தொகுப்பில் இன்னொன்றுக்குப் பெயரே 'அண்ட் வி ஹாட் எ டாக்'.

கேட்க மறந்துவிட்டேன்: போன் ஸ்பீக்கரிலா கேட்டாய்? அதில் பேஸ் பாதிகூட விழாது. லீவுக்கு வரும்போது ஹெட்போன் எடுத்து வா. அத்தைக்கு அந்த முனகலை இன்னொரு தரம் கேட்கணுமாம்.

அன்புடன்,
மாமா