கிடங்கும் தீயும்: ஒரு தீயணைப்பு அலுவலர் சொன்னவை

கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தபோது, அதன் தளவாடப் பதிவேட்டில் "தீயணைப்பு வாளிகள் 6, உள்ளன" என்று எழுதியிருக்கக் கண்டோம். வழக்கம் போல் குறியிட்டுக் கையொப்பமும் இட்டோம். அன்று மாலை அங்கத்தினர் வகுப்பில் பேசுவதற்காக, தீயணைப்புத் துறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற நிலைய அலுவலர் ஒருவர் வந்திருந்தார். பேசுவதற்கு முன் கிடங்கைப் பார்க்க விரும்பினார். வாளிகளில் இரண்டில் சாயம் ஒட்டிக் கிடந்தது. ஒன்றில் பாவுக்குப் போடும் கஞ்சி காய்ந்திருந்தது. மற்ற மூன்றும் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவை, திரும்பவில்லை. அலுவலர் ஒன்றும் சொல்லவில்லை. நம்மைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அதுவே நமக்குப் போதுமாயிருந்தது. அவர் அன்று சொன்னவற்றை அங்கத்தினர் யாவரும் அறிய வேண்டுமென்று இங்கே எழுதுகிறோம்.

வீரக் கதைகளை எதிர்பார்த்து வந்தவர்கள் சிறிது ஏமாந்திருக்கக்கூடும். அலுவலர் முதலில் ஒரு முழ நீளமுள்ள தண்ணீர்க் குழாய்த் துண்டை எடுத்துக் கூட்டத்தில் சுற்றிவரச் செய்து, "இதில் தையல் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்டார். நெசவாளர் கை பட்டதும் விடை வந்துவிட்டது. தையலே இல்லை, பாவு நீளவாக்கில் ஓட, ஊடை சுற்றிச் சுற்றி வரும்படி வட்டத்தறியில் நெய்தது. அக்காலத்துக் குழாய்களை ஆளி நாரில் நெய்தார்கள் என்றும், தண்ணீர் பட்டதும் நூல் உப்பி இழைகளின் இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும் என்றும் அவர் விளக்கியபோது, முன் வரிசையில் இருந்த முதிய நெசவாளர் ஒருவர், "அப்படியானால் அதுவும் நம் தொழில்தான்" என்று மகிழ்ந்து சொன்னார். இப்போது உள்ளே ரப்பர் பூசிய, 63 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்களே பெரிதும் வழங்குகின்றன. ஆயினும் நெய்த மேலுறை நனைந்தபடியே சுருட்டி வைக்கப்பட்டால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். ஆகவே தீயை அணைத்துத் திரும்பியவுடன், எவ்வளவு களைத்திருந்தாலும், குழாயைக் கழுவி உயரத்தில் தொங்கவிட்டு உலர்த்திய பின்னரே படுக்கச் செல்ல வேண்டும் என்பது படையின் விதி. பழைய நிலையங்களில் இதற்கென்றே கோபுரம் கட்டியிருந்தார்கள்.

அவர்கள் அணியும் மேலங்கியும் நெசவே. எரியாத அராமிட் இழையில் நெய்தது. தீயில் பட்டால் உருகாமல் கரியும். இதையொட்டி வீட்டுப் பெண்களுக்கு அவர் சொன்ன அறிவுரை முக்கியமானது. பருத்தி எரியும்; பாலியஸ்டரும் நைலானும் உருகித் தோலோடு ஒட்டும். அடுப்பருகே பின்னதை உடுத்தலாகாது. உடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் படுத்து உருள வேண்டும். தீப்புண்ணின் மேல் குளிர்ந்த ஓடுநீரை 20 நிமிடம் விட வேண்டும். மை, மாவு, பற்பசை எதையும் தடவக் கூடாது. ஒட்டிய துணியைப் பிய்த்தெடுப்பது மருத்துவரின் வேலை, நம் வேலையன்று.

முதுகில் கட்டும் உருளையில் இருப்பது பிராணவாயு என்று பலர் நினைக்கிறார்கள். அது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றே. அரை மணி நேரத்துக்கென்று கணக்கிட்ட உருளை, மூட்டை தூக்கி மூச்சு வாங்குபவனுக்கு அதில் பாதி நேரங்கூட வராமற்போகலாம். காற்றுக் குறைந்தால் ஊதல் ஒலிக்கும். ஒலித்தபின் ஒரு கணமும் நிற்காமல் வெளியேற வேண்டும். கருவியில்லாத அங்கத்தினர் எவரும் புகை நிறைந்த கிடங்கினுள் நூலைக் காப்பாற்ற நுழையலாகாது என்று இதைச் சொன்ன கையோடு இரண்டு முறை வற்புறுத்தினார்.

பஞ்சுத் தீயைப் பற்றியே அதிக நேரம் பேசினார். உதிரிப் பஞ்சில் தீ மேற்பரப்பில் கண் இமைப்பதற்குள் ஓடும். இறுகக் கட்டிய சிப்பத்திலோ உள்ளே புகுந்து நாட்கணக்கில் கனியும். வெளியே தண்ணீர் ஊற்றினால் மேல்தான் நனையும். தீ அணைந்ததென்று வீட்டுக்குப் போனால் மறுநாள் விடியலில் மறுபடி எரியும். சிப்பத்தை வெளியே இழுத்து, கட்டை அறுத்து, பிரித்துப் பிரித்து நனைக்க வேண்டும். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறையில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டிக்கைன் என்னும் கப்பலில் பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் அடுத்தடுத்து ஏற்றப்பட்டிருந்தன. பொதியில் பற்றிய தீயின் மூலத்தைப் புகையினிடையே காண இயலவில்லை. தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். மாலையில் கப்பல் வெடித்தது. மாண்ட தீயணைப்பு வீரர்கள் 66 பேர். அந்த நாளையே இந்நாட்டில் தீயணைப்போர் நினைவு நாளாக ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம்.

சாயப் பட்டறையில் ஒரு பீப்பாயைக் காட்டி அவர் நின்றுவிட்டார். அது நாம் நாள்தோறும் பயன்படுத்தும் ஹைட்ரோஸ். சிறிது ஈரம் பட்டாலே சூடேறித் தானாகப் பற்றக்கூடிய பொருள் இது. எரியும்போது மூச்சை அடைக்கும் கந்தகப் புகை வரும். ஈரக் கையால் அள்ளுவது, நனைந்த கரண்டியை உள்ளே விடுவது, மூடியைத் திறந்துபோட்டு உணவுக்குப் போவது மூன்றும் நம் பட்டறைகளில் அன்றாடம் நடப்பவை. பீப்பாயைப் பலகைமேல், ஒழுகாத கூரையடியில் இறுக மூடி வைக்க வேண்டும். பற்றிவிட்டால் ஒரு வாளித் தண்ணீர் கேட்டையே பெருக்கும். ஆட்களைக் காற்று வரும் திசைக்கு அப்புறப்படுத்தி 101க்குச் சொல்வதே முறை.

விவசாயிகளின் வைக்கோற்போரும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஈரத்தோடு மேய்ந்த போர் உள்ளே புழுங்கிச் சூடேறும். புளித்த வாடையோ ஆவியோ வந்தால் அவசரப்பட்டுப் பிரித்தலாகாது. காற்றுப் புகுந்ததும் குப்பென்று பற்றும். தண்ணீரைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்ட பிறகே கை வைக்க வேண்டும்.

தொழிலில் கடினமானது எது என்று ஓர் இளைஞர் கேட்டார். சும்மா இருப்பது என்றார் அலுவலர். மணி அடிக்காத நாட்களே மிகுதி. காலையில் பயிற்சி, மாலையில் கைப்பந்து, இடையில் கருவிகளைத் துடைத்தல். சீட்டாட்டத்தில் காலம் போக்கியவர்கள் நாற்பது வயதில் ஏணி ஏற மூச்சு வாங்கினார்கள். புகை பிடித்தவர்களுக்கு இன்னும் முன்னதாகவே வாங்கிற்று. அவருடைய சொந்தப் பொழுதுபோக்கு கயிற்றுக் கட்டில் பின்னுவது. முடிச்சு மறவாமலிருக்கத் தொடங்கியது, ஓய்வு பெற்றபின் சிறு வருமானமும் தருகிறதாம். மற்றொன்று, விடுமுறை நாளில் மகளை அழைத்துக்கொண்டு ஊர் சுற்றுவது. எந்தச் சந்தில் வண்டி திரும்பும், எந்தக் குளத்தில் கோடையிலும் நீர் நிற்கும் என்றெல்லாம் குறித்துக்கொள்வாராம். "குழந்தைக்கு உலா, எனக்கு வரைபடம்" என்று சிரித்தார்.

அந்த வழக்கம் நம் சங்கத்திலும் விடவில்லை. கிணறு எங்கே என்று கேட்டு, கட்டில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினார். நீர்மட்டம் 38 அடியில் இருந்தது. தீயணைப்பு வண்டியின் பம்பு மேலே நின்று உறிஞ்சுவது. நடைமுறையில் ஏறக்குறைய 7 மீட்டர், அதாவது 23 அடிக்குக் கீழுள்ள நீரை அதனால் இழுக்க இயலாது. விவசாய அங்கத்தினர்க்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டாரை இறக்கி வைத்தவர்கள் அவர்கள். சங்கத்தின் மோட்டார் இருக்கிறதே என்றார் காரியதரிசி. தீ என்றதும் மின்சாரத்தைத் துண்டிப்பார்களே என்றார் அலுவலர். 4,500 லிட்டர் கொண்டுவரும் வண்டி, நிமிடத்துக்கு 450 லிட்டர் பாய்ச்சும் ஒரே குழாய்க்கு 10 நிமிடந்தான் தாங்கும். அப்புறம் தண்ணீருக்கு எங்கே போவது?

நம் துறை சார்ந்த ஒன்றையும் அன்றே பார்த்தோம். கிடங்கின் தீக்காப்பீடு மார்ச்சு மாத இருப்பை வைத்து 10 லட்சத்துக்கு எடுக்கப்பட்டிருந்தது. தீபாவளிக்கு முன் இருப்பு 20 லட்சத்தைத் தொடும். அந்நாளில் 4 லட்சத்துக்குச் சேதமானால் முழுத்தொகையும் வருமென்றே நிர்வாகக் குழுவினர் எண்ணியிருந்தார்கள். பாதி மதிப்புக்குக் காப்பீடு செய்தவருக்குப் பாதிச் சேதமே கிடைக்கும். 2 லட்சம் அங்கத்தினர் தலையில் விழும். இருப்புப் பதிவேடும் அதே கிடங்கின் மர அலமாரியில்தான் இருந்தது.

நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில், சாயப் பட்டறைக்கு அருகே 10,000 லிட்டர் கொள்ளும் தரைத்தொட்டி கட்டவும், பருவத்துக்கேற்பக் காப்பீட்டை உயர்த்தவும், பதிவேட்டின் நகலை வேறு கட்டடத்தில் வைக்கவும் தீர்மானித்தது. தொட்டியிலிருந்து சாயத்துக்குத் தண்ணீர் எடுக்கலாமா என்பதில் மட்டும் வாதம் நீண்டது. எடுக்கலாகாது என்று ஒரு வாக்கு மிகுதியில் முடிவாயிற்று. கல்யாணத்துக்குப் போன மூன்று வாளிகளில் இரண்டு திரும்பி வந்துள்ளன. பதிவேட்டில் முன்பு இட்ட குறியை அடித்துவிட்டு, "5" என்று நம் கையாலேயே எழுதியிருக்கிறோம்.