பாறைமேல் காவலிருந்த தாய்
விவிலியப் பெண்கள் காட்டும் மனநலப் பாடம்



விவிலியப் பெண்கள் என்றதும் சாராள், ரூத்து, யூதித்து, எஸ்தர் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். இரிஸ்பாவின் பெயரைச் சொல்பவர் எத்தனை பேர்? ஞாயிறு வாசகங்களில் அவள் வருவதில்லை. ஆயினும் செட்டிகுளம் பகுதியில் வாழும் நமக்கு அவளைப்போல் நெருங்கிய உறவுக்காரி வேதாகமத்தில் வேறொருத்தி இருப்பாளோ என்பது சந்தேகமே.

சாமுவேல் இரண்டாம் நூலின் 21ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நாட்டில் மூன்று ஆண்டு பஞ்சம். சவுல் அரசன் கிபயோனியருக்கு இழைத்த கொலைப்பழியே அதற்குக் காரணம் எனப்படுகிறது. பழிக்கு ஈடாக அவன் வழிவந்த எழுவரைத் தாவீது கையளிக்கிறான். அவர்களுள் இருவர் சவுலின் மறுமனைவியான இரிஸ்பாவின் பிள்ளைகள். எழுவரையும் மலைமேல் தூக்கிலிட்டு, அடக்கம் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

அந்தத் தாய் என்ன செய்தாள்? சாக்குத்துணியைப் பாறையில் விரித்தாள். வாற்கோதுமை அறுவடை தொடங்கிய நாள் முதல் மழை பொழியும் வரை அங்கேயே இருந்தாள். பகலில் பறவைகளை விரட்டினாள். இரவில் காட்டு விலங்குகளை விரட்டினாள். வேதாகமம் முழுவதிலும் அவள் வாய் திறந்து பேசிய ஒரு சொல்லேனும் இல்லை. ஆனால் அவள் செய்தது அரசனின் காதுக்கு எட்டியது. எலும்புகளைச் சேர்த்து முறைப்படி அடக்கம் செய்யத் தாவீது கட்டளையிட்டான். அதன் பின்னரே கடவுள் நாட்டுக்காக இரங்கினார் என்று நூல் கூறுகிறது. எழுவரைக் கொன்றபோது அல்ல, அடக்கம் செய்தபோது! இதை நாம் கவனியாமல் கடந்துவிடுகிறோம்.

அன்று அந்தப் பாறையருகே சென்றவர்கள் அவளைப்பற்றி என்ன பேசியிருப்பார்கள்? 'பாவம், புத்தி பேதலித்துவிட்டது' என்றுதானே? கோவிலில் உதடு மட்டும் அசைய மன்றாடிய அன்னாவைப் பார்த்துக் குரு ஏலியே குடிவெறி என்று நினைத்தார் அல்லவா? துயரப்படும் பெண்ணுக்கு நோயின் பெயரைச் சூட்டுவது பழைய பழக்கம்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1984 டிசம்பரில் செட்டிகுளத்தில் பிடித்துச் செல்லப்பட்ட ஆண்கள் பலர் வீடு திரும்பவில்லை. 2009இல் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் அடைக்கப்பட்டார்கள். ஒரு வலயத்தில் தாய், மறு வலயத்தில் பிள்ளை. முட்கம்பிக்கு அப்பால் தெரியும் முகங்களுள் தன் முகத்தைத் தேடிய கண்கள் எத்தனை! 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது, தேடல் மூடப்படவில்லை. 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லை என்று அன்றைய மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் ஆணைக்குழுவின் முன் எடுத்துரைத்தார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரம் பந்தலிட்டு அமர்ந்தார்கள். இரிஸ்பாவின் சாக்குத்துணி வேறு என்ன?

ஒரு வித்தியாசம் உண்டு. இரிஸ்பாவின் கண்முன்னே உடல்கள் இருந்தன. நம் தாய்மாருக்கு அதுவும் இல்லை. வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்கப் படைவீரரின் குடும்பங்களை ஆராய்ந்த போலின் பாஸ் என்ற அம்மையார், 1970களில் இந்நிலைக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்டார். இறந்தான் என்று அழவும் முடியாது, இருக்கிறான் என்று ஆறவும் முடியாது. இங்கே நோய் அந்தப் பெண்ணின் மனத்தில் இல்லை. விடை கிடையாத நிலைமையில் இருக்கிறது. ஆகவே 'ஏற்றுக்கொள், மறந்துவிடு' என்று வற்புறுத்துவது மருந்தாகாது. 'ஒருவேளை இருக்கலாம், ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம்' என்ற இரண்டையும் ஒருங்கே தாங்கியபடி சமைக்கவும், தோட்டம் செய்யவும், மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் அவளுக்குத் துணை வேண்டும். தனிமைதான் அவளை உடைக்கும்.

(பெண்களைப்பற்றிப் பேசுகையில் யாக்கோபை இழுக்கலாமா? இழுக்கத்தான் வேண்டும். இரத்தம் தோய்ந்த அங்கியைக் காட்டி, யோசேப்பு இறந்தான் என்று நம்பவைத்தார்கள். அவரோ ஆறுதல் பெற மறுத்தார். ஏறத்தாழ 22 ஆண்டுகளின் பின் மகன் உயிரோடிருப்பதை அறிந்தார். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. சான்றின்றி முடிவுகூற நாம் யார் என்றே கேட்கிறேன்.)

2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்று மாத்திரம் கூறும் சான்றிதழைப் பெற வழிசெய்தது. காணி, வங்கி அலுவல்களுக்காக அதைப் பெறும் மனைவியை, 'கணவனைச் சாகக் கொடுத்துவிட்டாள்' என்று ஏசுவோரும் உண்டு. பெறாதவளைப் 'பிடிவாதக்காரி' என்போரும் உண்டு. இரண்டும் அநியாயம்.

நமது பங்குகளில் ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் திகதி, சகல ஆத்துமாக்களின் திருநாளில், இதே சிக்கல் எழுகிறது. மரித்தோர் பட்டியலில் மகனின் பெயரைக் கொடுப்பதா, விடுவதா? கொடுத்தால் தானே அவனைக் கொன்றதுபோல் தாய் நடுங்குகிறாள். விட்டால் அவன் ஆத்துமத்துக்குச் செபிக்க ஆளில்லையே என்று கலங்குகிறாள். திருச்சபைச் சட்டத்தின் 901ஆம் பிரிவின்படி, உயிரோடிருப்போருக்காகவும் இறந்தோருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். எனவே 'காணாமற்போன என் மகனுக்காக' என்ற கருத்துக்கே பூசை கேட்கலாம். அவன் இருக்கும் நிலை இறைவனுக்குத் தெரியும். அவன் பெயரை எந்தப் பட்டியலில் எழுதுவது என்பதை அந்தத் தாயே, தனக்கு இயலும் நாளில், தீர்மானிக்கட்டும். அதுவரை அயலவர்கள் இருவர் அவளோடு அதே வாங்கில் அமர்ந்திருக்கலாம்.