பனிப்புயல்: பனிதான் குற்றவாளியா?

குளிர் கூடக் கூடப் பனிப்பொழிவும் கூடும் என்பது பலரும் வைத்திருக்கும் கணக்கு. நியூயார்க் மாநிலத்தின் வடக்கே உள்ள லூயிஸ் கவுண்டியில் அது செல்லாது. அங்கே புயலுக்குத் தீனி போடுவது மேற்கே கிடக்கும் ஒன்டாரியோ ஏரி. கனடாவிலிருந்து இறங்கும் வறண்ட குளிர்காற்று, தன்னைவிடச் சூடான அந்த நீர்ப்பரப்பைக் கடக்கையில் ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. ஏரி நீரைவிட, ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக் காற்று சுமார் 13 டிகிரி செல்சியஸாவது குளிர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மேகம் திரளும். கரையேறியதும் டக் ஹில் மேட்டுநிலம் அதை இன்னும் மேலே தள்ள, பனி கொட்டத் தொடங்கும். ஏரியின் ஆழம் 244 மீட்டர் வரை போவதால் முழுவதும் உறைவது அபூர்வம். பிப்ரவரியிலும் ஊர்க்காரர்களுக்கு நிம்மதி கிடையாது.

கவுண்டி முழுவதும் ஒன்றுபோலப் புதையும் என்பதும் தப்பு. இந்த மேகங்கள் குறுகலான பட்டையாக வருபவை. ஓர் ஊரில் வாசற்கதவைத் திறக்க முடியாதபோது, சில மைல் தள்ளி வெயில் அடிக்கலாம்.

இதே கவுண்டியின் மான்டேக் என்ற சிற்றூரில் 1997 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 77 அங்குலப் பனி பெய்ததாகப் பதிவானது. அமெரிக்கச் சாதனை என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. ஆராய்ந்த குழு அதை ஏற்கவில்லை. ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் அளந்து கூட்டக் கூடாது. அங்கே ஆறு முறை அளந்திருந்தார்கள். விழுந்த பனி தன் எடையிலேயே அமுங்கும் என்பதால், அடிக்கடி அளந்தால் கூட்டுத்தொகை ஊதிவிடும். பட்டம்தான் போயிற்று, பாவம், மண்வெட்டி பிடித்தவர்களுக்கு வேலை குறைந்ததா என்ன?

பனி கொட்டினால்தான் 'பிளிசார்ட்' எனப்படும் பனிப்புயல் என்றில்லை. மணிக்கு 56 கிலோமீட்டர் காற்று, 400 மீட்டருக்கும் குறைவான பார்வைத் தூரம், இரண்டும் மூன்று மணி நேரம் நீடித்தால் போதும். 1977இல் பஃபலோ நகரைத் திணறடித்ததில் பெரும்பகுதி, உறைந்த ஈரி ஏரியின்மேல் ஏற்கெனவே கிடந்த பனி. காற்று அதை வாரிக்கொண்டு வந்து கொட்டியது.

மாடுகள் குளிரில் விறைத்துச் செத்துவிடும் என்பது அடுத்த தப்புக்கணக்கு. குளிர்கால ரோமம் அடர்ந்து, உலர்ந்தும் இருந்தால் மைனஸ் 8 டிகிரி வரைகூட மாடு பெரிதாக அலட்டிக்கொள்ளாது. நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே உடம்பு சூட்டுக்காகப் போராடத் தொடங்கும். 2013 அக்டோபரில் தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியில் நடந்தது அதுதான். முதலில் மழை, பின்னாலேயே சூறைக்காற்றும் பனியும். ரோமம் இன்னும் வளர்ந்திருக்கவில்லை; திறந்த மேய்ச்சல் நிலத்தில் ஆயிரக்கணக்கான மாடுகள் மடிந்தன.

லூயிஸ் கவுண்டியின் கறவைப் பசுக்களுக்குத் தொழுவம் இருக்கிறது. சிக்கல் பாலில். புயல் என்று கறவையைத் தள்ளிப்போட முடியாது. போட்டால் மடிவீக்கம் வரும். கறந்து வைக்கும் குளிர்தொட்டியோ ஓரிரு நாளில் நிரம்பிவிடும். சாலை திறந்து டாங்கர் லாரி வரவில்லை என்றால், அடுத்த கறவைக்கு இடம் வேண்டுமே என்று தொட்டிப் பாலைக் கீழே கொட்டுவார்கள்.