லோபம்: எண்ணெய் நாட்டில் கற்ற பாடம்



தீவினைக்கு வேர் மூன்று. லோபம், துவேஷம், மோகம் என்பன அவை. இவற்றுள் முதலாவதாகிய லோபத்தைத் தமிழில் அவா என்கிறோம். பொருள் ஈட்டுவதே அவா ஆகுமோ? உழைத்து உண்ணும் நமக்கு இவ்வினா இன்றியமையாதது. இதற்குரிய விடையை, அண்மையில் மேல் அசாமில் மேற்கொண்ட பயணத்தில் கண்ணாரக் கண்டோம்.

தின்சுகியாவிலிருந்து மோட்டார் வண்டியில் புறப்பட்டு, தேயிலைத் தோட்டங்களின் ஊடே திக்பாய் சேர்ந்தோம். முற்காலத்தில் காட்டிலிருந்து மீண்ட யானையின் காலில் எண்ணெய் படிந்திருந்ததாம். அதைக் கண்ட வெள்ளைக்காரர் ஒருவர் கூலியாளை நோக்கி, "தோண்டு பையா, தோண்டு" என்று தம் மொழியில் கூவினாராம். அச்சொல்லே ஊர்ப்பெயராயிற்று என்பது அங்கு வழங்கும் கதை. கதை எவ்வாறாயினும், 1889ஆம் ஆண்டில் தோண்டத் தொடங்கிய கிணறு மறு ஆண்டில் 662 அடி ஆழத்தில் முற்றுப்பெற்றதும், 1901ஆம் ஆண்டில் சுத்திகரிப்பு ஆலை எழுந்ததும் வரலாறு. 1939ஆம் ஆண்டில் அவ்வூர்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிர் துறந்ததும் வரலாறே. "தோண்டு" என்ற சொல் ஊர்ப்பெயராக நிலைத்தது. தோண்டியவர் பெயரை ஊரில் யார் அறிவார்?

பின்னர் 1953ஆம் ஆண்டில் நாஹர்கட்டியாவிலும் எண்ணெய் கிடைத்தது. துலியாஜான் எண்ணெய் நகரமாய் வளர்ந்தது. நாம் அவ்வழியே சென்றபோது இருட்டிவிட்டது. வயல்களுக்கு அப்பால் வாயுவை எரிக்கும் சுடர்கள் வானத்தைச் சிவக்கச் செய்தன. நாம் ஏறிச் சென்ற வண்டியும் எண்ணெயை எரித்தே ஓடிற்று. ஆகையால் எண்ணெயை இழித்துப் பேச நாம் துணியோம்.

அச்சுடரைக் கண்டதும் நம் பழைய நாள் நினைவிற்கு வந்தது. ஆலையில் நெசவுப் பகுதியில் உழைத்த காலத்தில், வீட்டுமனை ஒன்று வாங்க வேண்டி இரட்டை முறை வேலை ஏற்றோம். மனை வாங்கினோம். அதில் குற்றமில்லை. உடனே அடுத்த மனையின்மேல் கண் சென்றது. ஊரில் தாயார் நோயுற்றிருப்பதாகக் கடிதம் வந்தது. இம்மாதக் கூலி கைக்கு வரட்டும், பிறகு செல்வோம் என்று இருந்துவிட்டோம். அடுத்து வந்தது தந்தி. இரண்டாம் மனையை வாங்கவும் இல்லை. தாயார் முகத்தைக் காணவும் இல்லை. நமக்குள்ளும் ஒருவன் "தோண்டு, தோண்டு" என்று கூவிக்கொண்டிருந்தான்.

தின்சுகியா மாவட்டத்திலேயே பாக்ஜான் என்னும் ஊர் உளது. அங்கே 2020ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் ஒரு கிணற்றிலிருந்து வாயு கட்டுமீறிப் பீறிட்டது. ஜூன் 9ஆம் நாள் அது தீப்பற்றியது. தீயணைப்போர் இருவர் மாண்டனர். ஆயிரக்கணக்கான மக்கள் வீடு விட்டு அகன்றனர். அண்மையிலிருந்த நீர்நிலையும் கெட்டது. மேலே நீரைப் பொழிந்ததனால் அக்கிணறு அடங்கவில்லை. கிணற்றின் உள்ளே உப்புநீர்க் கரைசலைச் செலுத்தி ஊற்றை அடக்கினர். அதன் பின்னரே, நவம்பர் 15ஆம் நாள், நெருப்பு அவிந்தது. அவாவும் அத்தகையதே. நுகர்வினால் வேட்கை எழும். வேட்கையினால் பற்று விளையும். விரும்பியதைக் கொடுத்து வேட்கையை அணைக்க முயல்வது, எரிகிற கிணற்றில் எண்ணெய் வார்ப்பதாகும். எழுகின்ற இடத்திலேயே அதனை அடக்குதல் வேண்டும்.

மறுநாள் நாஹர்கட்டியாவுக்கு அருகில், புரி திஹிங் ஆற்றங்கரையிலுள்ள நாம்பாகே சேர்ந்தோம். அது தாய்பாகே மக்கள் வாழும் பௌத்தச் சிற்றூர். விகாரையில் முற்பகல் உணவு வேளை. ஊர்ப் பெண்மணி ஒருவர் மேலும் சோறிட வந்தபோது, முதிய பிக்கு பாத்திரத்தின்மேல் கையை வைத்து மூடினார். அவர் மொழி நமக்குத் தெரியாது. ஆயினும் அக்கை உரைத்தது விளங்கிற்று: போதும். திக்பாயில் கேட்ட சொல்லுக்கு மறுமொழி அங்கே கிடைத்தது.

பகவன் செல்வத்தை விலக்கினாரல்லர். சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு, ஈட்டியதை நான்கு கூறாக்கி, ஒன்றைத் துய்க்கவும், இரண்டைத் தொழிலில் இடவும், ஒன்றை இடர்க்காலத்துக்கெனச் சேமிக்கவும் போதித்தார். கூறு வகுத்தால் அளவு தெரியும். அளவு தெரிந்தவிடத்தில் அவா வேர்கொள்ளாது. ஆகவே ஈட்டுவது அவா அன்று. நிற்குமிடம் அறியாது ஈட்டுவதே அவா.

அன்பர்களே, கூலி பெறும் நாளில் பணத்தை எண்ணுமுன் இரண்டு வினாக்களை எழுப்புங்கள். இது எதற்குப் போதும்? இதை நாடியதால் நாம் யாரைக் காணத் தவறினோம்? இரண்டாம் வினாவுக்கு விடையாக ஒரு முகம் தோன்றுமாயின், அன்றே புறப்பட்டுச் சென்று காணுங்கள். தந்தி வரும்வரை காத்திராதீர்கள்.