கேபிளைப் பிடிச்சு வைக்கிற சின்னத் தகடு



இந்த வார எபிசோட்ல ஃபேக்டரி மெஷின்ல இருந்து டேட்டா எடுக்கிறதைப் பத்திப் பேசினோம். நேரம் இல்லாம ஒரு விஷயத்தை அவசரமா தாண்டிட்டோம்: கேபிளையும் ஹோஸையும் மெஷின் மேல பிடிச்சு வைக்கிற கிளிப், பிராக்கெட். சென்சாரைப் பத்தி மணிக்கணக்கா பேசுற நாம இதைப் பேசுறதே இல்லை. அதனால இன்னைக்குப் பாடம் அதுதான்.

முதல்ல நான் பண்ணின தப்பு. ஒரு ஹைட்ராலிக் பிரஸ்ல, மேலும் கீழும் போற பகுதியோட நிலையை ஒரு சென்சார் அனுப்பிக்கிட்டே இருக்கும். அதைச் சேமிச்சு கிராஃப் போடுறது என் புரோகிராம். மெஷினை ஓட்டுற கன்ட்ரோல் வேற, என் வேலை வெறும் கண்காணிப்பு. ஒரு மணி நேரத்துல நாலஞ்சு தடவை டேட்டா விட்டு விட்டு வந்தது. மூணு நாள் லாக் படிச்சேன். காரணம் புரியலை. கடைசியா, ‘டேட்டா வரலைன்னா திரும்பக் கேளு, அப்பவும் வரலைன்னா பழைய மதிப்பையே போடு’ன்னு நாலு வரி எழுதினேன். கிராஃப் அழகா வந்துடுச்சு.

அங்கே மெயின்டெனன்ஸ் ஃபிட்டரா ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா இருந்தார். நான் சொன்னதைக் கேட்டுட்டு, “தம்பி, கம்ப்யூட்டரைப் பாத்தது காணும். மெஷினை நிப்பாட்டிப்போட்டு வாறன், இஞ்சால வந்து பாரும்”னார். பின்பக்கம் போனதும் நான் கேபிளை ஆட்டிப் பார்க்கக் கையை நீட்டினேன். “கையை எடும்! இன்னும் பிரஷர் இறங்கேல்லை!”ன்னு சத்தம் போட்டார்.

பிரஷர் இறங்கினதும் டார்ச் அடிச்சுக் காட்டினார். கேபிளையும் பக்கத்து ஹோஸையும் பிடிச்சிருந்த பிராக்கெட்டோட நட் கழண்டு போயிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் கேபிள் தகட்டு விளிம்புல உரசி, உறை கிழிஞ்சு, உள்ளே ஷீல்டு அறுந்திருந்தது. ஹோஸோட ரப்பர் தேய்ஞ்சு கம்பிப் பின்னல் வெளியே தெரிஞ்சது. கம்பி தெரிஞ்சா அந்த ஹோஸை மாத்தியே ஆகணும். உள்ளே ஓடுறது சுமார் 200 பார் அழுத்தத்துல எண்ணெய்; கார் டயர்ல இருக்கிறது 2.5 பார் மாதிரிதான். ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலே எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வெளியே சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனா உடனே ஆபரேஷன் பண்ண வேண்டிய காயம் அது. அதனால ஹைட்ராலிக் லீக்கைக் கையால தடவித் தேடவே கூடாது.

என் நாலு வரி கோட் சரி பண்ணினது கிராஃபை மட்டும்தான். மெஷின் கொடுத்துக்கிட்டிருந்த எச்சரிக்கையை அது மறைச்சிடுச்சு.

சரி, பாடத்துக்கு வருவோம். ஒரு பிராக்கெட்டுக்கு மூணு வேலை. ஒண்ணு, கூர்மையான விளிம்பு, சூடு, அசையுற பாகம் எல்லாத்துல இருந்தும் கேபிளைத் தள்ளி வைக்கணும். ரெண்டு, இழுவிசையை அது தாங்கணும். கனெக்டரும் சால்டரும் தாங்கக் கூடாது. மூணு, கேபிள் ரொம்ப மடங்காம வளைவைக் காப்பாத்தணும்.

இப்போ வகைகள். எல்லாருக்கும் தெரிஞ்சது கேபிள் டை. அமெரிக்காவுல தாமஸ் அண்ட் பெட்ஸ் கம்பெனியில வேலை பார்த்த மாரஸ் லோகன் 1958-ல இதைக் கொண்டு வந்தார். விமானத் தொழிற்சாலையில வயர்களை நூலால கட்டிக் கட்டித் தொழிலாளிங்க கை காயமாகிறதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. பெரும்பாலும் நைலான். வெயில்ல இருக்கிற இடத்துக்கு யூவி தாங்குற கறுப்பு வகை வாங்கணும். டையை உட்கார வைக்க ஒட்டுற பேஸ், ஸ்க்ரூ பேஸ்னு ரெண்டு உண்டு. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற மெஷின்ல ஒட்டுறது நிக்காது, ஸ்க்ரூதான்.

அடுத்தது பி-கிளிப். பக்கத்துல இருந்து பார்த்தா ‘பி’ எழுத்து மாதிரி வளைஞ்ச உலோகப் பட்டை, உள்ளே ரப்பர். ஒரே போல்ட்ல நிக்கிறதால அந்த போல்ட்டைச் சுத்தித் திரும்பப் பார்க்கும். அதிர்வு இருக்கிற இடத்துல லாக் நட் போடணும். அளவும் முக்கியம்: கேபிள் நசுங்கவும் கூடாது, உள்ளே வழுக்கவும் கூடாது. வழுக்கினா கிளிப்பே அதைத் தேய்ச்சிடும்.

ஹைட்ராலிக் குழாய்களுக்கு டின் 3015 தரத்துல கிளாம்ப் வருது. ரெண்டு பாதி பிளாஸ்டிக் கட்டை, நடுவுல குழாய்க்கு ஓட்டை, மேல தகடு, ரெண்டு பக்கமும் போல்ட். நீளமா ஓடி ஓடி வர்ற பாகத்துக்கு டிராக் செயின்: கேபிளைத் தூக்கிக்கிட்டே மடங்கிப் போற கண்ணிச் சங்கிலி.

எங்கே மாட்டணும்? இதுலதான் நிறைய பேர் தப்பு பண்றோம்.

கேபிளுக்கு: எவ்வளவு வளைக்கலாம்னு கேட்டலாக்ல போட்டிருக்கும். அசையுற கேபிளுக்குப் பொதுவா வளைவு ஆரம் விட்டத்தைப் போல 10 மடங்காவது வேணும். 8 மி.மீ. கேபிள்னா 80 மி.மீ. நிலையான பக்கம் ஒரு கிளிப், அசையுற பக்கம் ஒரு கிளிப், நடுவுல தாராளமான வளைவு. கனெக்டருக்குப் பக்கத்துல ஒரு கிளிப், அதுக்கும் கனெக்டருக்கும் நடுவுல கொஞ்சம் தளர்வு.

ஹோஸுக்கு: அழுத்தம் ஏறும்போது ஹோஸோட நீளமே மாறும். 2 சதவீதம் நீளலாம், 4 சதவீதம் சுருங்கலாம்னு வச்சுக்கிட்டுத்தான் கணக்குப் போடுவாங்க. அதாவது 1 மீட்டர் ஹோஸ் 40 மி.மீ. வரைக்கும் குட்டையாகலாம். டைட்டா மாட்டினா இழுத்து ஃபிட்டிங்கையே கழட்டிடும். அதனால தளர்வு விடணும், வளைவு மேல கிளாம்ப் போடக் கூடாது. அழுத்தம் கூடின ஹோஸையும் குறைஞ்ச ஹோஸையும் சேர்த்துக் கட்டக் கூடாது. ஒண்ணு அசைய ஒண்ணு நிக்க, உரசல்தான் மிச்சம். அதே காரணத்துக்காகத்தான் ஹோஸோட வயரையும் கட்டக் கூடாது.

இந்த உரசல் உயிரையும் எடுத்திருக்கு. 2000 டிசம்பர் 11 அன்னைக்கு அமெரிக்காவுல வட கரோலினாவுல மரைன் படையோட வி-22 ஆஸ்ப்ரே விமானம் இரவுப் பயிற்சியில விழுந்து 4 பேர் இறந்தாங்க. எஞ்சின் கூட்டுக்குள்ள ஒரு வயர்க் கட்டு ஹைட்ராலிக் குழாயை உரசித் தேய்ச்சு, எண்ணெய் வெளியேறியிருந்தது. அதுக்கு மாற்று அமைப்பு விமானத்துல இருந்தது. ஆனா எச்சரிக்கை விளக்கு வந்ததும் முறைப்படி ரீசெட் பட்டனை அழுத்தினப்போ, சாஃப்ட்வேர் பிழையால ரோட்டர்களோட கோணம் தாறுமாறா மாறிச்சு. அழுத்த அழுத்த நிலைமை மோசமாச்சு. குழாய் உடைஞ்சா என்ன ஆகும்னு கோட் எழுதினவங்க சரியாச் சோதிச்சுப் பார்க்கலை. ஒரு உரசலும் ஒரு பக்கும் ஒரே நிமிஷத்துல சந்திச்சுக்கிட்டது.

நான் அந்த நாலு வரியை முழுசா எடுக்கலை. டேட்டா விட்டுப் போனா பழைய மதிப்பைப் போடாம காலியா விடுது, எத்தனை தடவை விட்டுச்சுன்னு எண்ணுது, எண்ணிக்கை ஏறினா அந்த அண்ணாவுக்கு மெசேஜ் போகுது. புது பிராக்கெட்டை அவரே மாட்டினார். கேபிளுக்குத் தனி, ஹோஸுக்குத் தனி.

உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். வீட்டுல 3டி பிரிண்டர் இருந்தா, பவரை ஆஃப் பண்ணிட்டு, சூடாகிற தட்டுக்குப் போற வயரைப் பாருங்க. தட்டு முன்னும் பின்னும் போகும்போது வயர் எந்த இடத்துல மடங்குது? கனெக்டர்கிட்டயேன்னா, அங்கே ஒரு கிளிப் மாட்டுங்க. ஸ்கூல் ரோபோட்டிக்ஸ் டீம்ல இருக்கீங்களா? ரோபோ கையை முழுசா நீட்டி, முழுசா மடக்கி, ரெண்டு நிலையிலயும் வயரைப் பாருங்க. பளபளன்னு தேய்ஞ்ச இடம் ஒண்ணு தெரிஞ்சா, போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.