வீடா, விடுதியா? தின வாடகை வீடுகளும் நம்ம ஊராட்சியும்



இந்த மாதப் பாடம் சேமிப்பு, கடன், வட்டி பற்றியது இல்லை. மலைப்பக்கத்துக் குழுக்களில் கொஞ்ச காலமாகவே திரும்பத் திரும்ப வருகிற ஒரு பேச்சு பற்றியது. "எங்க தெருவுல நாலு வீட்டை தின வாடகைக்கு விடுறாங்க. சனி, ஞாயிறு வந்தா குழாயில தண்ணி இல்ல, ராத்திரி தூக்கம் இல்ல. இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று ஒரு அக்கா கேட்பார். அவர் பேசி முடிக்கும் முன்னே பக்கத்தில் இருப்பவர், "எனக்கு அந்த வீட்டுலதான் சமையல் வேலை. சீசன்ல வர்ற காசுலதான் புள்ளைக்கு ஃபீஸ் கட்டுறேன். கெடுத்துடாதீங்க அக்கா" என்பார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். அதனால்தான் இதைக் கோபமாகப் பேசாமல், சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். வீட்டுக்காரம்மா தானும் குடியிருந்து, மேல் அறையை அல்லது பக்கத்து அறையை விருந்தாளிக்கு விடுவது ஒரு வகை. வெளியூர்க்காரர் ஒருவர் தெருவில் மூன்று வீடு வாங்கிப் போட்டு, சாவியை ஒரு பையனிடம் கொடுத்து, செல்போனிலேயே பதிவு செய்து, வாரம் ஒரு கூட்டத்தை இறக்கிவிடுவது இன்னொரு வகை. போர்டில் இரண்டுக்கும் 'ஹோம் ஸ்டே' என்றுதான் எழுதியிருக்கும். முதல் வீட்டில் ராத்திரி சத்தம் கேட்டால் கதவைத் தட்டிச் சொல்ல ஆள் உண்டு. இரண்டாவது வீட்டில் யாரைத் தட்டுவது? நம்ம ஊரில் வருகிற சண்டையில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகையால்தான் என்பது எங்கள் எண்ணம்.

அஞ்சறைப் பெட்டியும் நிலமும்

நம்ம அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு ஒரு கிண்ணம், சீரகத்துக்கு ஒரு கிண்ணம். அதேபோல அரசாங்கமும் ஒரு ஊரின் நிலத்தைப் பிரித்து வைக்கிறது. இது குடியிருப்புப் பகுதி, இது வணிகப் பகுதி, இது தொழில் பகுதி, இது விவசாயப் பகுதி என்று. இப்படிப் பிரித்து எழுதுகிற பெரிய வரைபடத்துக்குப் பெயர் முழுமைத் திட்டம். 'மாஸ்டர் பிளான்' என்று அதிகாரிகள் சொல்வது இதைத்தான். இதற்கான சட்டம் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. பெயரில் 'நகர்' இருப்பதால் நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். 'ஊர்' என்பதும் அதில் இருக்கிறது.

எல்லா ஊராட்சிக்கும் முழுமைத் திட்டம் கிடையாது. இருக்கிற இடத்தில் உங்கள் சர்வே எண் எந்தக் கிண்ணத்தில் விழுகிறது என்பதை வைத்துத்தான் அங்கே வீடு வருமா, விடுதி வருமா என்பது முடிவாகும். மலைப்பகுதிக் கிராமங்கள் பலவற்றுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 1990-ல் அரசு மலையிடப் பாதுகாப்புக் குழுமம் என்று ஒன்றை அமைத்தது. 'ஹாக்கா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் உள்ள கிராமத்தில் கட்டடம் கட்ட, ஊராட்சியின் கையெழுத்து மட்டும் போதாது.

இந்தச் சட்டத்தில் நமக்கு முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. சுவரை இடிக்காமல், ஒரு கல்லும் புதிதாக வைக்காமல், ஒரு கட்டடத்தின் உபயோகத்தை மட்டும் பெரிதாக மாற்றினாலும் அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். குடியிருக்க என்று வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டு, முழு வீட்டையும் தினமும் ஆள் மாறுகிற விடுதியாக நடத்தினால், "என் வீடு, என் இஷ்டம்" என்று சொல்லித் தப்ப முடியாது. ஒரே ஒரு அறையை விருந்தாளிக்கு விடுவது மாற்றமா இல்லையா என்பது இடத்தையும் விதியையும் பொறுத்தது. அதை வாய்ச்சொல்லாக வாங்காமல், மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, எழுத்தாகவே பதில் வாங்குங்கள்.

மசினகுடிப் பக்கம் நடந்தது

நீலகிரி மாவட்டத்தில் மசினகுடியைச் சுற்றி சீகூர் பீடபூமி இருக்கிறது. முதுமலைக் காட்டை ஒட்டிய இடம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே யானைகள் காலகாலமாகப் போய்வருகிற பாதை அது. அங்கே வருஷத்துக்கு வருஷம் ரிசார்ட்டும் விடுதியும் பெருகின. 2010-ல் அரசு அதை யானை வழித்தடம் என்று அறிவித்தது. உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசு ஆணை சரி என்றது. அவர்கள் மேலே போனார்கள். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அனுமதி இல்லாத 27 ரிசார்ட்டுகளுக்கு மாவட்ட நிர்வாகம் சீல் வைத்தது. 2020 அக்டோபர் 14-ல் உச்ச நீதிமன்றம் வழித்தடம் செல்லும் என்று கடைசித் தீர்ப்பு கொடுத்தது.

முதல் அறிவிப்பிலிருந்து தீர்ப்பு வரை பத்து வருஷம். கட்டடம் எழும்புவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்க வேண்டியது பத்து வருஷ வழக்காக இழுத்தது. சீல் வைத்த நாளில் யாருக்கு வேலை போயிருக்கும்? முதலாளிக்கு வேறு ஊரில் வேறு வருமானம் இருக்கலாம். பாத்திரம் தேய்த்தவர், படுக்கை விரிப்பு துவைத்தவர், காய்கறி போட்டவர் உள்ளூர்க்காரர்தானே. அனுமதி இல்லாத இடத்தில் கிடைக்கிற வேலை, ஒரு நோட்டீஸில் நின்றுபோகிற வேலை. சமையல் வேலைக்குப் போகிற அக்கா இதை யோசிக்க வேண்டும்.

2021 ஜனவரியில் அதே பக்கம் மாவனல்லாவில் நடந்தது நெஞ்சைப் பிசைகிற விஷயம். ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானை மீது தீப்பற்றிய பொருளை எறிந்தார்கள். ஏற்கெனவே காயப்பட்டிருந்த அந்த யானை, சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழியில் ஜனவரி 19-ல் செத்துப்போனது. அந்த விடுதி அனுமதி இல்லாமல் நடந்தது அப்புறம்தான் வெளியே வந்தது. ஆட்களைக் கைது செய்தார்கள், விடுதிக்குச் சீல் வைத்தார்கள். அதற்கு முன்னால் அந்த வழியாகத் தினமும் போய்வந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்!

கொடைக்கானலிலும் 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி, அனுமதி இல்லாமலும் அனுமதிக்கு மாறாகவும் கட்டிய கட்டடங்களுக்குப் பூட்டுப் போட்டு சீல் வைத்தார்கள். பிறகு கூட்டமே தாங்க முடியாமல் போய், 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அதுவும் நீதிமன்றம் சொல்லித்தான் வந்தது.

தண்ணீர்க் கணக்கு

சத்தம், குப்பை என்று பொதுவாகச் சொன்னால் அலுவலகத்தில் தலையை ஆட்டி அனுப்பிவிடுவார்கள். கணக்கோடு போனால் கதை வேறு. கணக்கு எழுத நமக்குச் சொல்லியா தரணும்?

ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்துக் குழாய் போடுகிறார்கள். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 275 லிட்டர். அதே வீட்டில் சனிக்கிழமை இருபது பேர் வந்து இறங்கினால், அதே 55 லிட்டர் கணக்கிலேயே 1,100 லிட்டர். வந்தவர்கள் அளந்து குளிக்கிறவர்களும் இல்லை. மேல்நிலைத் தொட்டி அதேதான், குழாயும் அதேதான். அப்படியானால் கூடுதல் தண்ணீர் யார் வீட்டுக் குடத்திலிருந்து போகிறது? தெருக் கோடியில், மேட்டில் இருக்கிற வீட்டிலிருந்துதான். அங்கே பெரும்பாலும் நம்ம உறுப்பினர்தான் இருப்பார்.

கழிவுநீரும் இப்படியே. ஐந்து பேருக்குத் தோண்டிய கழிவுநீர்த் தொட்டி இருபது பேருக்குத் தாங்குமா? மலைச்சரிவில் அது கசிந்தால் கீழே இருக்கிற ஊற்றுக்குத்தான் வரும். வாடகையைச் சொல்லவே வேண்டாம். தின வாடகையில் ஒரு வாரத்தில் வருவதை மாத வாடகைக்குக் குடியிருப்பவர் கொடுக்க முடியாது. அதனால் ஆசிரியைக்கும் நர்சம்மாவுக்கும் ஊரில் வீடு கிடைக்காமல், பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறார்கள்.

இன்னொன்று, கூட்டத்தில் பேசத் தயங்குகிற விஷயம். ராத்திரி முன்பின் தெரியாத வண்டிகள் நிற்கிற தெருவில் டியூஷன் முடித்து வரும் பெண் பிள்ளைகள். எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் யார் தங்கியிருக்கிறார்கள் என்று ஒரு பதிவேடாவது இருக்க வேண்டாமா? உங்கள் பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள். எந்த வளைவில் பயமாக இருக்கிறது என்று அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

எனவே ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தேதி, கதவு எண், எத்தனை வண்டி, எத்தனை லாரி தண்ணீர், எப்போது கழிவுநீர் வழிந்தது. இரண்டு மாதம் எழுதினால் போதும். தங்க வந்தவர்களின் படம் எடுப்பது, வாசலில் போய்ச் சண்டை போடுவது எல்லாம் வேண்டாம். அவர்கள் காசு கொடுத்து வந்தவர்கள். கேள்வி கேட்க வேண்டியது அவர்களை அல்ல.

எப்போது, எங்கே பேசுவது

முழுமைத் திட்டம் புதிதாகப் போடும்போது வரைவை வெளியிட்டு, ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுத்தில் கொடுக்கக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். நிலம் வைத்திருப்பவர்தான் பேசலாம் என்று எங்கேயும் இல்லை. ஆனால் அறிவிப்பு அரசிதழிலும் செய்தித்தாளிலும் வரும். நம்ம டீக்கடைக்கு எந்தப் பேப்பர் வருகிறதோ, அதில் வந்தால் உண்டு. அதனால் கூட்டமைப்பில் படித்த பெண் ஒருவரை இதற்கென்றே பொறுப்பாக வையுங்கள். மாதம் ஒருமுறை ஊராட்சி அலுவலகப் பலகையையும் நகர் ஊரமைப்பு அலுவலகத்தையும் பார்த்துவிட்டு வரட்டும். பஸ் சார்ஜை கூட்டமைப்பு கொடுக்கலாம், தப்பில்லை.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை. ஊராட்சித் தலைவர் இருந்தாலும், தனி அலுவலர் இருந்தாலும் தீர்மானம் எழுத வைக்கலாம். தீர்மானம் போட்டதும் விடுதி மூடிவிடும் என்று நினைக்காதீர்கள், மூடாது. திட்ட அதிகாரிக்குத்தான் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கிற அதிகாரம். ஆனால் அந்த அதிகாரியின் மேஜைக்குப் போகிற கோப்பில் கிராம சபைத் தீர்மானம் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

அனுமதி இருக்கிறதா என்று சந்தேகமா? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுத்து, அனுமதி நகலையும் வரைபட நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பெரிய இடத்து ஆள் என்றால் தனியாளாகக் கையெழுத்துப் போட வேண்டாம். குழுவாகப் போடுங்கள். புகார் மனு இந்த அளவு இருந்தால் போதும்:

"ஐயா / அம்மா, எங்கள் ஊராட்சி ........ தெருவில் கதவு எண் ......, சர்வே எண் ...... உள்ள கட்டடம் குடியிருப்புக்கு அனுமதி பெற்றதாகத் தெரிகிறது. இது ...... மாதம் முதல் தின வாடகை விடுதியாக நடத்தப்படுகிறது. இதனால் ஏற்படும் தண்ணீர், கழிவுநீர்ப் பிரச்சினை பற்றி இரண்டு மாதக் குறிப்பு இணைத்துள்ளோம். இந்த உபயோகத்துக்கு அனுமதி உள்ளதா என ஆய்வு செய்து, எடுத்த நடவடிக்கையை எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

ஒரு நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.

நம்ம உறுப்பினரே நடத்த விரும்பினால்

தாராளமாக நடத்தலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டத்திலேயே உரிமையாளர் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும், அறைகள் ஒன்று முதல் ஆறு வரை, படுக்கை பன்னிரண்டுக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. அதாவது நம்மைப் போன்றவருக்காகவே எழுதியது மாதிரி. அமெரிக்காவில் நியூயார்க் நகரமே 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவாக ஆள் வைப்பவர் தானும் அந்த வீட்டில் இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் வைக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. ஸ்பெயினில் பார்சிலோனா 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமத்தை 2028-க்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று 2024-ல் அறிவித்தது. அங்கேயும் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை என்பதுதான் ஜனங்களின் குறை.

ஆனால் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் காகிதம், அப்புறம் கடன். கட்டிலும் கீசரும் வாங்கக் கடன் கேட்டு வந்தால், அனுமதி நகலைத் தீர்மானப் புத்தகத்தோடு இணைத்த பிறகே குழு பணம் கொடுக்கட்டும். சீல் வைத்த வீட்டுக்கும் தவணை ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதைக் கட்டப்போவது மற்ற பதினோரு பேர். தங்க வருபவரின் அடையாள அட்டையைப் பதிவேட்டில் எழுதுங்கள். வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மின் இணைப்பு எந்த வகைக் கட்டணத்தில் வரும் என்பதையும் மின்வாரியத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

குழுவில் பேச: உங்கள் ஊராட்சி 'ஹாக்கா' பட்டியலில் இருக்கிறதா? தின வாடகைக்குப் போகிற வீடுகள் எத்தனை, அவற்றில் உரிமையாளர் குடியிருப்பது எத்தனை? அந்த வீடுகளில் வேலை பார்க்கும் நம்ம உறுப்பினர் எத்தனை பேர், அவர்களுக்கு அந்த இடத்தின் அனுமதி பற்றித் தெரியுமா? பதில்களை எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது பிரதிநிதிகள் கொண்டு வாருங்கள்.